நாற்பத்திரண்டு விநாடி

ஜூன் 10, திங்கள்

சின்னமனூர் சாம்ராஜ்யத்தின் ஈடு இணையற்ற பிளெக்ஸ் பேனர் சக்கரவர்த்தி, மூவேந்தருக்கும் வாய்க்காத வாய்ச்சவடால் வாய்க்கப்பெற்ற கோட்டைச்சாமி, வயது நாற்பத்தாறு, தன் வரலாற்றைத் தானே எழுதத் தொடங்கிய நன்னாள் இது. டைரி, ஜனவரியில் சிமெண்டுக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. ஐந்து மாதம் கடை மேசையின் கால் ஆடாமல் முட்டுக்கொடுத்தது போக, மிச்சப் பக்கங்கள் எனக்கு.

எழுதக் காரணம், இன்று என் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. என் மனைவி அமுதா காலையிலிருந்து பாத்திரங்களோடு மட்டும் பேசுகிறாள்.

நேற்று என் தங்கை முருகேஸ்வரியின் ஒரே மகள் லோகவர்ஷினிக்குச் சடங்கு. தாய்மாமன் நான் ஒருத்தன். சீர் கொண்டுபோனேன் பாருங்கள், ஐந்நூற்றொரு தட்டு! மலைக்கு அந்தப் பக்கமிருந்து நாற்பது பேர் செண்டை மேளம். நான் வைத்த வெடியில் மேகமலை யானைகள் இடுக்கிக்கே குடிபோய்விட்டதாகக் கேள்வி. அவள் படிக்கிற பள்ளிக்கூடத்து முக்கில் பதினெட்டடிக்கு அவள் முகத்தைப் போட்டு ஒரு பேனர். "தாய்மாமன் கோட்டையின் தங்கத் தேரே!" என்ற வாசகம் அடியேனுடையது.

மண்டபத்தில் ஒரு சின்னச் சலசலப்பு. மேளம் உள்ளே வந்ததும் வர்ஷி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். நேராகப் போய் சீர்த்தட்டு வைத்திருந்த மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். பட்டும் பூவுமாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே ஒரு மணி நேரம். யார் கூப்பிட்டும் வரவில்லை. சபை முழிக்கிறது. நான் விடுவேனா? மைக்கைப் பிடித்தேன். "மருமக ஒண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போகல. மாமன் கொண்டாந்த தட்டு கணக்குச் சரியா இருக்கானு ஆடிட்டிங் பண்ணப் போயிருக்கு!" என்றேன். மண்டபமே சிரித்தது. மானத்தைக் காப்பாற்றினேன்.

இன்று பள்ளி திறப்பு. அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு. போகவில்லையாம், தலைவலியாம்.

ஜூன் 11, செவ்வாய்

இன்றும் போகவில்லை. பூப்பு பேனர் இரண்டு, கண்ணீர் அஞ்சலி ஒன்று அடித்தேன்.

ஜூன் 13, வியாழன்

முருகேஸ்வரி போன் செய்தாள். வழக்கமாக "அண்ணே, சாப்டியா?" என்றுதான் தொடங்குவாள். இன்று அது இல்லை.

"அண்ணே, எம் மக மேசைக்கடியில உக்காந்திருந்ததை எவனோ படம்புடிச்சு விட்டிருக்கான். நீ மைக்குல பேசினது, எல்லாரும் சிரிக்கிறது, எல்லாம் அதுல இருக்கு. அவ கிளாஸ் புள்ளைக போன்லயெல்லாம் ஓடுதாம்ணே."

நாற்பத்திரண்டு விநாடியாம். எந்தச் சண்டாளன் எடுத்தானோ, அவன் கை அழுகிப் போக. சின்னமனூரை ஏழு சுற்றுச் சுற்றியாவது அந்த அற்பனைக் கண்டுபிடித்து, பஸ் ஸ்டாண்டில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவேன் என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்தேன்.

சாப்பிடும்போது அமுதாவும் வீடியோவைக் காட்டினாள்.

"இது கீழயிருந்து எடுத்ததில்ல. மேடையில இருந்து எடுத்தது."

"நான் மேடையில மைக்கோட மும்முரமா இருந்தேன், எனக்கெங்க தெரியும்?"

"மைக்கு வலது கையில இருந்துச்சு."

"ஆமா."

"எடது கையில?"

சாம்பாரில் உப்பு குறைவு. அமுதாவுக்கு வர வர சமையலில் கவனம் இல்லை.

ஜூன் 15, சனி

வர்ஷியிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி. அப்படியே எழுதுகிறேன்: "மாமா, என் முகம் உள்ள பேனர் மின்கம்பம் எண் 27-லும் 28-லும் கட்டப்பட்டுள்ளது. மின்கம்பத்தில் பேனர் கட்டுவது சட்டப்படி தவறு. அகற்றவும்."

அவள் அப்பா தவமணி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்குக் கம்ப எண்கள்தான் விளையாட்டு. சின்னமனூரில் எந்தத் தெருவில் எந்த எண், எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்டு வருகிறது, எல்லாம் மனப்பாடம். பேச்சும் மூன்று வயதிலிருந்தே ரேடியோச் செய்தி வாசிக்கிற மாதிரிதான். கல்யாண வீடுகளில் நான் அவளை நடுவில் நிறுத்தி, "எங்க மருமக கலெக்டரு, கேளுங்க!" என்பேன். சொந்தக்காரர்கள் தெருப்பெயர் சொல்ல, அவள் எண் சொல்ல, எல்லோரும் கைதட்டுவார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை.

கடைப் பையனை அனுப்பாமல் நானே ஏணியோடு போனேன். சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு விடுகிற நேரம். நாலைந்து பெண்பிள்ளைகள் பேனருக்குக் கீழே நின்றிருந்தார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு குந்தி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக் காட்டினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, "ஆடிட்டிங்! ஆடிட்டிங்!" என்றாள்.

என் வசனம். என் ஆயுளில் நான் எழுதியதிலேயே இவ்வளவு வேகமாக ஊருக்குள் பரவிய வசனம் இதுதான். ஏணிமேல் நின்றவன் இறங்கத் தெரியாமல், அவர்கள் போகும்வரை முடிச்சை அவிழ்ப்பதுபோல் நடித்தேன்.

பேனரை முகம் உள்பக்கமாக வருமாறு மடித்தேன். பழைய பிளெக்ஸ் என்றால் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும், நெல்லுக்கு விரிப்பாகும். இதை என்ன செய்ய?

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. வர்ஷியின் வகுப்பாசிரியை அற்புதமேரி டீச்சர் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். எட்டாம் வகுப்பிலும் அவர்தான் டீச்சர்.

"ஒரு வருஷமா சொல்லணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்குவீங்களோனு பயந்துக்கிட்டு விட்டுட்டேன். அது என் தப்பு" என்றார். "வர்ஷி கெட்டிக்காரப் புள்ள. ஆனா அது படுற பாடு வேற. பிரேயர் மைக்குச் சத்தத்துக்கு நகத்தைக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வந்துரும். யாராவது தோள்ல கை போட்டா மரம் மாதிரி நின்னுரும். என் தம்பி மகனும் இப்படித்தான். மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க, ஒரு தடவ காட்டிருங்க."

தவமணி மாப்பிள்ளை எகிறினார். "எம் மக என்ன லூசா, டாக்டர்ட்ட காட்ட?"

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா, நான் போக விரும்புகிறேன். எனக்கும் காரணம் தெரிய வேண்டும்."

ஜூன் 20, வியாழன்

மதுரைக்கு என் வண்டியில்தான் போனோம். ரதகஜதுரகபதாதிகளோடு என்று எழுத ஆசை. பழைய ஆம்னி வேன்.

டாக்டர் மெஹருன்னிசா ஐம்பது வயதுக்காரர். அறையில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. முருகேஸ்வரியிடம் கேட்டுக்கொண்டே போனார். சின்னதில் குக்கர் விசிலுக்கு என்ன செய்வாள்? சட்டைக் காலரில் இருக்கிற துணிப்பட்டியை வெட்டச் சொல்வாளா? இட்லியில் சட்னி பட்டால் சாப்பிடுவாளா? முருகேஸ்வரி ஆமா ஆமா என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அழ ஆரம்பித்தாள். இத்தனை வருடமாக அதையெல்லாம் 'குணம்' என்றோம், 'பிடிவாதம்' என்றோம். 'கலெக்டர் பவிசு' என்றது நான்.

பிறகு வர்ஷியிடம் திரும்பினார். "எது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு? சத்தமா, கூட்டமா?"

அவள் சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். நிறைய நேரம். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

"எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கடைசியில்தான் தெரியவரும். பெரும்பாலும் அது நானாக இருக்கும்."

நான் வெளியே போய் வேனுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தேவையில்லை, ரேடியேட்டர் நிறைந்துதான் இருந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 21, வெள்ளி

அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது, "மாமா நாளைக்குச் சாயங்காலம் சந்திரனுக்குப் போறேன், உங்க வீட்டு மொட்டமாடியிலதான் ராக்கெட்டு வருது" என்று அளந்துவிட்டேன். மறுநாள் மூன்று மணிக்கே ஒரு டப்பாவில் முறுக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மாடி ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏழு மணிக்கு முருகேஸ்வரி இழுத்து வந்திருக்கிறாள். "மாமா வழியில் பசியோடு இருப்பார்" என்று அழுதாளாம்.

இந்தக் கதையை ஆயிரம் சபையில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஆயிரம் இல்லை. இருபது இருக்கும். அதில் பாதிக்கு அவளும் கூட இருந்தாள்.

ஜூன் 25, செவ்வாய்

மதுரை. எல்லாச் சோதனையும் முடிந்தது. "முன்னால இதை ஆஸ்பெர்ஜர்னு தனியாச் சொல்லுவோம். இப்ப ஆட்டிசம்ங்கற பெரிய குடைக்குள்ளயே சேர்த்துட்டாங்க" என்றார் டாக்டர்.

ஜெர்மனிக்காரன் விற்கிற தண்ணீர் மோட்டார் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. வர்ஷி அந்தப் பெயரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து விழுங்கினேன்.

"மருந்து மாத்திரை இருக்குங்களா?" என்றார் தவமணி.

"இது நோய் இல்லைங்க சார். மூளை வேலை செய்யற விதம். அவளை மாத்த வேண்டியதில்ல, சுத்தியிருக்கறதைக் கொஞ்சம் மாத்தணும். ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால அங்க என்ன நடக்கும்னு சொல்லிருங்க. சத்தத்துக்கு காதுல மாட்டிக்க ஒண்ணு வாங்கிக் குடுங்க. தொடறதுக்கு முன்னாடி கேளுங்க. பள்ளிக்கூடத்துக்கு நான் கடிதம் தர்றேன். முக்கியமா, வீட்டு ஆளுக சொல்றது நிஜமா இருக்கணும். வெளிய யார் பேச்சு உண்மை, யார் பேச்சு கேலினு கண்டுபிடிக்கறதுலயே அவளுக்குப் பாதி தெம்பு போயிருது. வீட்டுக்குள்ளயும் அந்த வேலை இருக்கக் கூடாது."

எல்லோரும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

"என்னைப் போல வேறு ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டாள் வர்ஷி.

"நிறைய. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை இங்க கூடறாங்க. உன் வயசுல ஆறு பொண்ணுங்க. ஒருத்திக்குத் தண்ணி டேங்குன்னா உயிர்."

திரும்பி வரும்போது வேனில் அவள் லேசாகப் பாடினாள். பல நாளுக்குப் பிறகு. உசிலம்பட்டி தாண்டும்போது என்னிடம், "மாமா, நான் உடைந்த பொருள் இல்லை. வேறு மாடல்" என்றாள். "சரி தாயி" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

ஜூன் 26, புதன்

பள்ளியில் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். சன்னலோர இருக்கை, பிரேயர் நேரத்தில் நூலகத்தில் இருக்கலாம், தாங்க முடியாவிட்டால் ஒரு சிவப்பு அட்டையைக் காட்டிவிட்டு வெளியே போகலாம். அற்புதமேரி டீச்சர் அலைந்து வாங்கியது.

ஆனால் வர்ஷி போகமாட்டேன் என்கிறாள்.

"வீடியோ எடுத்தவர் யார் என்று தெரிய வேண்டும். அவர் மறுபடி எடுக்கமாட்டார் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் நான் எங்கே உட்கார்ந்தாலும் முதுகில் கண் வைத்துக்கொண்டே உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் பாடம் ஏறாது."

அதோடு ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். லைனில் எங்கே கோளாறு என்று அவள் அப்பா கண்டுபிடிக்கிற முறை. பகுதி பகுதியாகத் துண்டித்துக்கொண்டே வந்தால் கடைசியில் கோளாறுள்ள இடம் மட்டும் மிஞ்சும். வீடியோவில் மேசை எந்தக் கோணத்தில் தெரிகிறது, தூண் எந்தப் பக்கம், மைக் சத்தம் எவ்வளவு கிட்டத்தில் என்று பார்த்து மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரையும் கழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். மேடையில் இருந்த நான்கு பேர் மிச்சம். அவள் அம்மா, அவள் அப்பா, போட்டோகிராபர் சேவியர், நான்.

"அம்மாவும் அப்பாவும் மேசைக்கு அருகே குனிந்து நிற்பது வீடியோவிலேயே தெரிகிறது. ஆகவே இரண்டு பேர்."

"பெறகென்ன, அந்தக் கேமராக்காரப் பயதான்!" என்று எழுந்தார் தவமணி.

"அப்பா, இன்னும் முடியவில்லை" என்றாள் அவள். அவர் செருப்பை மாட்டிவிட்டார்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். "ஆமா மாப்ள, அவனுக்கு அந்தப் புத்தி உண்டு" என்றேன்.

பஜாரில், நாலு பேர் பார்க்க, சேவியர் சட்டையைப் பிடித்துவிட்டாராம்.

ஜூன் 27, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 28, வெள்ளி

சேவியர் கடைக்கு வந்தான். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. பத்து வருடப் பழக்கம். அவன் எடுக்கிற படம்தான் என் பேனரில் ஏறும்.

"அண்ணே, பொம்பளப் புள்ளைகளைத் திருட்டுத்தனமா படம் எடுக்கிறவன்னு பேராகிப் போச்சுண்ணே. ஆவணி முகூர்த்தத்துக்கு ரெண்டு வீட்ல வேணாம்னுட்டாங்க. எம் பொஞ்சாதி மூஞ்சியில முழிக்க முடியல. நீங்க எம் பக்கத்துலதான நின்னீங்க. சேவியர் எடுக்கலனு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"பாக்கலாம்டா, டீ குடி."

அவன் டீயைத் தொடவில்லை. என்னைப் பார்த்தான். "நான் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியும்ணே" என்றான். அவ்வளவுதான். வேறெதுவும் சொல்லாமல் போய்விட்டான். சொல்லியிருக்கலாம். நான் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். சொல்லவில்லை.

நான் எடுத்தேன்.

இடது கையில். மைக்கில் பேசிக்கொண்டே. அப்போதே பங்காளிகள் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினேன். "சீர் ஆடிட்டிங் அதிகாரி" என்று தலைப்பு வேறு கொடுத்து, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஏழு. குழுவில் அறுபத்து நான்கு பேர். எனக்கு வந்ததைத்தான் தள்ளிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள், எடுத்தது யார் என்று எவனும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் என் தங்கை மகள் ஊர்ச் சொத்தாகிவிட்டாள்.

தட்டு ஐந்நூற்றொன்று இல்லை, ஐம்பத்தொன்று. மேளக்காரர்கள் பன்னிரண்டு பேர். யானை எங்கேயும் போகவில்லை. அந்தச் சத்தத்தில் ஓடி ஒளிந்தது அவள் ஒருத்திதான்.

ஜூன் 29, சனி

என் புத்தியைப் பாருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து பன்னிரண்டுக்கு எட்டு அளவில் வடிவமைக்க உட்கார்ந்துவிட்டேன். "மாபாதகன் கோட்டையின் மன்னிப்பு மடல்." பின்னணியில் கண்ணீர்த்துளி எல்லாம் போட்டாயிற்று. சாப்பாடு கொண்டுவந்த அமுதா திரையைப் பார்த்தாள்.

"இன்னொரு பிளெக்ஸா?"

அழித்தேன்.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"மண்டபத்துலயே பாத்தேன். நீங்களா சொல்லுவீங்கனு இருந்தேன். இருபது நாளாச்சு."

டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நேராச் சொல்லுங்க. நீளமாப் பேசாதீங்க. காரணத்தை அழகு பண்ணாதீங்க. அழாதீங்க. நீங்க அழுதா, உங்களைத் தேத்தறதும் அவ வேலையாப் போயிரும்" என்றார்.

நான்கு கட்டளைகள். நான்கும் என் பிறவிக்கே எதிரானவை.

ஜூன் 30, ஞாயிறு

சொன்னேன். முருகேஸ்வரி, தவமணி, வர்ஷி மூன்று பேரும் இருந்தார்கள். "அந்த வீடியோவ எடுத்தது நான்தான். அனுப்பினதும் நான்தான். சேவியர் இல்ல."

தவமணி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் பாதியிலேயே நின்று, "உங்க பேச்சக் கேட்டுல்லய்யா அவஞ் சட்டையப் புடிச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஓங்கியதை இறக்கியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வர்ஷி பேனாவை எடுத்தாள்.

"எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்?"

"அறுபத்து நாலு பேரு இருக்கிற குரூப்பு."

"ஏன்?"

"சும்மா ஒரு தமாஷுக்கு…"

"யாருக்குத் தமாஷ்?"

எத்தனையோ மேடையில் நீட்டி முழக்கியவன். "எனக்கு" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"நான் மேசைக்கு அடியில் இருந்தபோது எனக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ கோவிச்சுக்கிட்டேனு நெனச்சேன். மானம் போகுதேனு நெனச்சேன்."

"சத்தம் எனக்கு அடி மாதிரி விழும். தோலில் விழும். மேசைக்கு அடியில் மூன்று பக்கம் துணி இருந்தது, அதனால் அங்கே போனேன். நீங்கள் மைக்கில் பேசியபோது உங்கள் குரல் கேட்டது. மாமா மேளத்தை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்."

அழக்கூடாது என்ற கட்டளை இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முருகேஸ்வரிதான் உடைந்தாள். "நீ மேளத்தக் கொண்டுவந்து எறக்கினப்பவே எம் மக நடுங்க ஆரம்பிச்சுட்டாண்ணே. எனக்குத் தெரிஞ்சுச்சு. நிப்பாட்டச் சொன்னா அண்ணன் மூஞ்சி சபையில சுருங்கிப் போகுமேனு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். பெத்தவ நானே மகளவிட அண்ணனப் பெருசா நெனச்சேன்." அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

வர்ஷி நோட்டை மூடினாள். "நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். எப்போது முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் சேவியர் அண்ணனிடம் சொல்லுங்கள். பிறகு அந்தக் குழுவில் சொல்லுங்கள். பிறகு என் வகுப்பில் வந்து சொல்லுங்கள்."

"கிளாஸ்லயா? வேணாம் தாயி, திரும்பவும் எல்லாரும் அதப் பத்தியே பேசுவாங்க" என்றாள் முருகேஸ்வரி.

"அவர்கள் இப்போதும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அம்மா. நடந்தது அவர்களுக்குத் தெரியும். தவறு யாருடையது என்பது மட்டும்தான் தெரியாது."

ஜூலை 1, திங்கள்

நானும் தவமணியும் சேவியரின் ஸ்டூடியோவுக்குப் போனோம். தவமணி பஜார் கேட்கும்படி, "சேவியரு, உன் மேல தப்பில்லப்பா, நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார். நான் சொன்னபோது சேவியர் கேமரா லென்சைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "உங்க கூட இனி வேலை வேணாம்ணே" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். வேணாம் என்றவர்கள் வீட்டுக்கு அவனையும் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் ஏற்கெனவே வேறு ஆள் பேசிவிட்டார்களாம்.

குழுவில் எழுதினேன். எடுத்தது நான், அது கேவலமான செயல், எல்லோரும் அழியுங்கள் என்று. பதினொரு பேர் அழித்ததாகச் சொன்னார்கள். நான்கு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். கோட்டை ஏதோ புதுத் தமாஷ் விடுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். உண்மைதான் என்று மறுபடியும் எழுதினேன். அதற்கும் ஒரு பொம்மை. இத்தனை வருடமாக நான் வளர்த்த பெயர் இது.

ஜூலை 3, புதன்

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எண்ணினேன்.

வர்ஷி சீருடையில் வந்திருந்தாள். காதில் டாக்டர் சொன்ன நீலநிறக் காதுமூடி. பேனரில் பதினெட்டடி இருந்தவள், வாசலில் என் பக்கத்தில் நிற்கும்போது என் தோளுக்குக்கூட வரவில்லை.

முதலில் அவள்தான் பேசினாள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, "என் மூளை சத்தத்தை உங்களைவிட அதிகமாகக் கேட்கும். இதற்கு முன்பு ஆஸ்பெர்ஜர் என்று பெயர் இருந்தது, இப்போது ஆட்டிசம் என்கிறார்கள். கேலியும் உண்மையும் எனக்கு ஒரே மாதிரி கேட்கும். ஏதாவது சந்தேகம் இருந்தால் என்னிடமே கேட்கலாம். இப்போது என் மாமா பேசுவார்" என்றாள்.

மைக் இல்லை. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மட்டும் சொன்னேன்.

"நான் கோட்டைச்சாமி. வர்ஷியோட தாய்மாமன். நீங்க பாத்த வீடியோவ எடுத்தது நான்தான். பயந்து போயிருந்த புள்ளய, என்னனு கேக்காம, சிரிப்புக் காட்டுறதுக்காக எடுத்தேன். அதுல அசிங்கமா நடந்துக்கிட்டது அவ இல்ல. நான். தயவுசெஞ்சு அழிச்சிருங்க."

பின்பெஞ்சில் யாரோ மெல்ல, "ஆடிட்டர் மாமோய்" என்றார்கள். ஒருத்தி வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. அப்படியே பக்கத்து பெஞ்சு, அதற்கடுத்த பெஞ்சு. டீச்சர் மேசையைத் தட்டினார். கேட்கவில்லை.

சிரிக்க வைப்பது என் தொழில். ஒரு வார்த்தை திருப்பிப் போட்டால் போதும், அந்தச் சிரிப்பு என் பக்கம் வந்துவிடும். நாக்கு நுனியில் மூன்று வசனம் தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். காது சுட்டது, கழுத்து சுட்டது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எந்த மேசைக்கு அடியிலாவது போய்விடலாம் போலிருந்தது.

வர்ஷி என் பக்கம் நகர்ந்து வந்தாள். தொடவில்லை. காதுமூடியை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மாமா, அவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள். எண்ணுங்கள். பெரும்பாலும் இருபதில் குறையும். நாற்பதுக்கு மேல் போனதில்லை."

எண்ணினேன். இருபத்திரண்டில் குறைந்தது. முப்பத்தொன்றில் நின்றது.

அவள் தலையசைத்துவிட்டு, சன்னலோரம் போய் உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தை எடுத்தாள்.